அமுக்குங்க... பிடிங்க... விடுங்க!

பெற்ற அப்பாவை அதிகாரம் பண்ணுகிற பாக்கியம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்துவிடாது. எனக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோ. காரின் பின்சக்கரத்தடியில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, "அமுக்குங்க!" என்று கத்தினேன். டிரைவர் சீட்டில் இருந்த அப்பா அமுக்கினார். "பிடிங்க!" பிடித்தார். "விடுங்க!" விட்டார். என் பேச்சைக் கேட்டு எழுபத்தொரு வயது அப்பா மறுபேச்சில்லாமல் நடந்துகொண்டது சரித்திரத்தில் அன்றைக்குத்தான்.

இதில் விசேஷம் என்னவென்றால், அதற்கு முந்தைய 24 நாட்களாக நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

விஷயம் துளசி மாடத்தில் ஆரம்பித்தது. எங்கள் கார் 2006-ல் அப்பா ரிடையர் ஆவதற்குச் சில வருஷம் முன்னால் வாங்கிய சின்ன கார். அந்தக் காலத்தில் தெருவுக்குப் பாதி வீட்டில் அதுதான் நின்றது. கம்பெனி பெயர் எதற்கு? தப்பு கம்பெனி மேல் இல்லை, எங்கள் மேல்தான். 15 வருஷம் முடிந்து, ஆர்.ஸி. புதுப்பித்து, இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அப்பா வெளியே போய்விட்டு வந்து, சாய்வில் ஏற்றி, போர்ட்டிகோவுக்குள் நுழைத்தவர், நுழைத்துக்கொண்டே போய்விட்டார். டமால்! ஹெட்லைட் ஒன்று காலி. பம்பரில் குழி. துளசி மாடம் லேசாகச் சாய்ந்து பைசா கோபுரம் ஆகிவிட்டது. அம்மாவுக்குக் காரைவிட அதுதான் பெரிய கேஸ்.

"பிரேக் பிடிக்கலைடா" என்றார் அப்பா, இறங்கியதும். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரியே குடும்ப கோர்ட் கூடியது. பெங்களூரிலிருந்து அக்கா வீடியோ காலில் ஆஜர். அம்மா வாதி. என் மனைவி சாட்சி. நான்தான் ஜட்ஜ். "எழுபதைத் தாண்டிட்டா ரிஃப்ளெக்ஸ் குறையும்ப்பா" என்றாள் அக்கா. "பிரேக்னு நினைச்சு ஆக்ஸிலேட்டர்ல கால வெச்சிருப்பீங்க. நிறைய பேருக்கு நடக்கிறதுதான்" என்று நான் பெரிய மனசோடு ஆறுதல் சொன்னேன். அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் பல வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த கார் சாவி, மறுநாள் காலையில் என் ஆபீஸ் பைக்குள் போய்விட்டது.

அவர் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. போடவில்லை. அவருடைய பழைய ஆபீஸ் சிநேகிதர் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு நாள், செவ்வாய், வெள்ளி, டயாலிஸிஸ். ஒண்டிக்கட்டை. இரண்டு வருஷமாக அப்பாதான் காரில் அழைத்துப்போய், நாலு மணி நேரம் வெளியே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, திருப்பிக் கொண்டுவந்து விடுவார். சாவி போனபிறகு அந்த இரண்டு நாளும் விடிகாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ தேடிப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவருக்கும் எனக்கும் நடுவே, "உங்க அப்பாவுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று அம்மா மத்தியஸ்தம் செய்துகொண்டிருந்தாள்.

காரை ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டு எடுத்தேன். ஹெட்லைட் போட்டு, குழியை நிமிர்த்தி, பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். "பிரேக் எப்படிப்பா?" என்று சம்பிரதாயத்துக்குக் கேட்டேன். "சூப்பரா இருக்கு ஸார்" என்றான் பையன். நானே மிதித்துப் பார்த்தேன். சூப்பர்தான். தீர்ப்பு ஊர்ஜிதம்!

மூன்று வாரம் நான் ஓட்டினேன். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம், கோயம்பேட்டில் காய்கறி, கோயில், குளம். பெடல் தினமும் அரைக்கால் இஞ்ச், காலிஞ்சாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகிற எதுவும் கூடவே இருக்கிறவனுக்குத் தெரியாது போலிருக்கிறது.

வியாழக்கிழமை தெரிந்தது. மகளை ஸ்கூலில் விட்டுவிட்டு மேடவாக்கம் பக்கம் வருகிறேன். சிக்னலில் சிவப்பு. முன்னால் ஒரு ஸ்கூட்டர். புருஷன், பெண்டாட்டி, பின்னால் பையை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை. சாவகாசமாகப் பிரேக்கில் காலை வைத்தேன். கால் போனது... போனது... போய்க்கொண்டே இருந்தது! ஊறின ஜவ்வரிசி வடையை மிதித்த மாதிரி ஒரு மெத். பதறிப்போய்க் காலை எடுத்து மறுபடி ஓங்கி மிதித்தேன். இரண்டாவது மிதிக்குப் பெடல் எழுந்து நின்றது. கார் நின்றபோது ஸ்கூட்டருக்கும் எனக்கும் நடுவே ஒரு சாண் இருக்கலாம். அப்பா அம்மா இரண்டு பேருமே திரும்பவில்லை. குழந்தை மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

அப்போது காதில் கேட்டது: "பிரேக் பிடிக்கலைடா."

ஓரங்கட்டிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுவதுதான் அந்த நேரத்தில் சரி. நான் முதல் கியரில், ஹேண்ட்பிரேக்கில் ஒரு கையோடு, ஆமை மாதிரி வீடு வந்து சேர்ந்தேன். யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம்.

ராத்திரி பீரோவைக் குடைந்து அந்த ஒர்க்ஷாப் பில்லை எடுத்துப் பார்த்தேன். ஹெட்லைட், டென்ட், பெயின்ட், லேபர். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'பிரேக் ஆயில் டாப்-அப், ஏர் பிளீடிங்'. அதாவது, அப்பா விட்டபோது டப்பாவில் ஆயில் குறைந்திருக்கிறது. குழாயில் காற்று இருந்திருக்கிறது. ஊற்றி, காற்றை எடுத்து, சூப்பர் ஆக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஆயில் ஏன் குறைந்தது என்று அவர்களும் யோசிக்கவில்லை. பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பணம் கொடுத்தவனும் படிக்கவில்லை.

இங்கே கொஞ்சம் பாடம். காரின் பிரேக் ஆயில் இன்ஜின் ஆயில் மாதிரி செலவாகிற சமாசாரம் இல்லை. மூடின குழாய்க்குள் இருப்பது. லெவல் இறங்கினால் இரண்டே காரணம். முன்சக்கர பேட் தேயத் தேய, பிஸ்டன் வெளியே நகர்ந்து, அந்த இடத்தை ஆயில் நிரப்பும். இது மாசக்கணக்கில் மெல்ல நடக்கும், நியாயமானது. இல்லாவிட்டால், எங்கேயோ ஒழுகுகிறது. மூன்றாவது காரணம் கிடையாது.

பெடலை மிதித்தால் சக்கரம் ஏன் நிற்கிறது? 17-ம் நூற்றாண்டில் பிரான்ஸில் இருந்த பாஸ்கல் என்பவரின் புண்ணியம். மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தில் ஒரு மூலையில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லா மூலைக்கும் அப்படியே போய்ச் சேரும் என்று ஸ்கூலில் படித்து மார்க் வாங்கி மறந்திருப்போம். அதைக் காரில் உபயோகப்படுத்தியவர்களில் முக்கியமானவர் மால்கம் லாக்ஹெட் என்கிற அமெரிக்கர். விமானக் கம்பெனி ஆரம்பித்த ஆலனின் அண்ணன். 1921-ல் டூசன்பெர்க் கார் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. இன்றைக்கு நீங்கள் பாட்டரி கார் வாங்கினாலும் பிரேக் பெடலுக்கு அப்புறம் இருப்பது பெரும்பாலும் அதே சங்கதிதான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே எதிரி காற்று. சந்தேகமிருந்தால் வீட்டில் குழந்தைக்கு மருந்து புகட்டும் சிரிஞ்ச் இருக்கும், எடுங்கள். தண்ணீர் நிரப்பி, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்குங்கள். அசையாது. தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் காற்றோடு அமுக்குங்கள். ஸ்பிரிங் மாதிரி உள்ளே போய், விட்டால் திரும்பி வரும். பிரேக் குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் உங்கள் காலின் பலமெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். சக்கரத்துக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதி.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். 'வைரல் ஃபீவர்' என்று மானேஜருக்கு மெஸேஜ். பெர்முடாஸோடு போர்ட்டிகோவில் இறங்கினேன். அப்பா ஆட்டோ பிடித்து டயாலிஸிஸ் டியூட்டிக்குப் போயிருந்தார். நல்லவேளை.

முதலில் ஸ்பேனரைத் தொடவே கூடாது. காலால்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலை நாலைந்து தடவை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்தேன். பெடல் லேசாக உள்ளே இறங்கியது. இறங்கினால் பூஸ்டர் நலம். (அது கெட்டால் பெடல் மெத்தென்று ஆகாது, கருங்கல் மாதிரி ஆகும்.) அடுத்து, ஒரே சீராக அழுத்திக்கொண்டு அரை நிமிஷம் உட்கார்ந்தேன். கால் மெதுவாக, லிஃப்ட் மாதிரி, தரைக்கு இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே ஆயிலைத் தாண்டவிடுகிறது, அல்லது வெளியே எங்கோ ஜோராக ஒழுகுகிறது என்று அர்த்தம். அப்படிப் பெரிதாக இறங்கவில்லை. கடைசியாக, டக் டக்கென்று அடுத்தடுத்து மிதித்தேன். முதல் மிதிக்குப் பஞ்சு. இரண்டாவதுக்குப் பாதி. மூன்றாவதுக்கு எழும்பி நின்றது. இது காற்றின் லட்சணம். பின்சக்கர டிரம்முக்குள் ஷூ தேய்ந்து இடைவெளி அதிகமானாலும் இதே மாதிரி இரண்டாவது மிதிக்கு எழும்பும். ஆனால் அதில் அந்த ஸ்பிரிங் மெத்து இருக்காது.

இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போது எனக்கு வியர்த்தது. காரணம் வெயில் இல்லை. பொங்கல் சமயத்தில் ஒருநாள் நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா பக்கத்தில் வந்து நின்று, "ரெண்டு மிதி மிதிச்சாத்தான்டா பிடிக்குது" என்றார். "ம்" என்றேன். இன்னொரு நாள், "வளைவுல திரும்பறப்ப அந்தச் சிவப்பு லைட்டு வந்து வந்து போகுது" என்றார். "ஹேண்ட்பிரேக்கை முழுசா இறக்குங்கப்பா" என்று டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் உபதேசம் செய்தேன். பல கார்களில் ஹேண்ட்பிரேக்குக்கும் ஆயில் குறைவுக்கும் ஒரே சிவப்பு விளக்குதான். வளைவில் ஆயில் ஒரு பக்கமாகச் சாயும்போது அது கண் சிமிட்டினால், ஹேண்ட்பிரேக் நிரபராதி. டப்பாவைத் திறந்து பார் என்று அர்த்தம். வியாதியை அப்பா அக்கு வேறு ஆணி வேறாகச் சொல்லிவிட்டார். டாக்டர்தான் மாட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்.

பானெட்டைத் திறந்தேன். மூன்று வாரத்துக்கு முன் நிரப்பிய டப்பாவில் ஆயில் 'மின்' கோட்டுக்குக் கீழே. நிறம் டிகாக்‌ஷன். புதுசு தேன் நிறத்தில் இருக்கும். ஆகவே அவர்களும் பழசோடு புதுசைக் கலந்திருக்கிறார்கள்.

ஒழுகலைத் தேடும்போது டிரைவர் காலடி மிதியடியிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போனால் சில கார்களில் பெடல் வழியாக அங்கே வந்து நனையும். காய்ந்திருந்தது. முன்சக்கரத்து ரப்பர் ஹோஸ் இரண்டையும் விரலால் மடித்துப் பார்த்தேன், வெடிப்பில்லை. (மிதிக்கும்போது பாம்பு இரை விழுங்கின மாதிரி ஹோஸ் உப்புகிறதா என்று இன்னொருவரை மிதிக்கவிட்டுப் பார்க்க வேண்டும். உப்பினால் அதுவும் பஞ்சு பெடலுக்கு ஒரு காரணம்.) அப்புறம் டார்ச்சோடு பின்பக்கம். வலது சக்கரம் தூசு. இடது சக்கரத்தின் உள்பக்க டயர் சுவரில் ஈரமாக ஒரு கறை, கீழ்நோக்கி. தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல் இல்லை, தண்ணீர் இல்லை, மீன் எண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் கொடுத்து, டிரம்மைக் கழற்றினேன் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். ஒன்றரை மணி நேரம். பின்சக்கரத்து டிரம்மைக் கழற்ற ஹேண்ட்பிரேக்கை இறக்கியாக வேண்டும். அப்போது கார் நகராமல் இருக்க முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுப்பது முக்கியம். செங்கல் வேண்டாம், பாரத்தில் பொடிந்துவிடும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கையையோ தலையையோ நீட்டவும் வேண்டாம். டிரம் துருப்பிடித்து ஹப்போடு ஒட்டிப் பிறந்த இரட்டை போல் உட்கார்ந்திருந்தது. சுத்தியால் அடித்து அடுத்த வீட்டு நாய் குரைத்ததுதான் மிச்சம். அப்புறம்தான் டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருப்பதைக் கவனித்தேன். அதில் இரண்டு போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்க, டிரம் தானாகவே பெருமூச்சு விட்டு வெளியே வந்தது. உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணிதான்.

உள்ளே சாட்சி தயாராக இருந்தது. கட்டை விரல் பருமனில் ஒரு வீல் சிலிண்டர்; இரண்டு பக்கமும் சின்ன ரப்பர் தொப்பி. தொப்பியை ஸ்க்ரூடிரைவரால் விலக்கினேன். பொளக்கென்று ஆயில் வழிந்தது. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் போய், ஆயில் வெளியே வந்து, பிரேக் ஷூவெல்லாம் ஊறிப்போயிருந்தது. நான் அந்த ஆதாரத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவுக்கும் கார் ஓரளவு நின்றதற்குக் காரணம், மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு தனித்தனி அறைகள் இருப்பது. ஒரு பாதை படுத்தாலும் மற்றது வேலை செய்யும். பழைய படங்களில் வில்லன் ஒரே ஒரு பிரேக் குழாயை வெட்டி ஹீரோவை மலையிலிருந்து உருட்டுவானே, இப்போதைய கார்களில் அவனுக்கு வேலை இரட்டிப்பு.

சனிக்கிழமை ஜி.பி. ரோடு. வீல் சிலிண்டர் இரண்டு, பிரேக் ஷூ ஒரு செட், டாட் 3 பிரேக் ஆயில். ஒரு பக்கம்தானே போயிருக்கிறது என்று ஒரு சிலிண்டர் கேட்டேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஒரு செருப்பு அறுந்தா ஒண்ணு மட்டும் வாங்குவீங்களா ஸார்?" ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றாவிட்டால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். அவர் இரண்டாகத்தான் கொடுத்தார்.

ஆயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டப்பா மூடியிலேயே எது ஊற்ற வேண்டும் என்று அச்சடித்திருக்கும். டாட் 3, டாட் 4 இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் ஜாதி. புதுசாக இருக்கும்போது டாட் 3 குறைந்தபட்சம் 205 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவிகிதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கு 140-க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230, 155. சமவெளியில் இது பெரிய விஷயமாகத் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கிப் பாருங்கள். சூட்டில் உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி, ஆவி காற்றுக்குமிழாகி, நடுவழியில் பெடல் பஞ்சாகும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுசாக மாற்றச் சொல்கிறார்கள். நாங்கள் எப்போது மாற்றினோம் என்பதற்கு ரிக்கார்டு இல்லை. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் எல்லா ரப்பர் சீலும் உப்பி மொத்தமும் குளோஸ். பெயரில் 5 என்று மட்டும் போட்டிருக்கும் டாட் 5 சிலிகான் ஜாதி; மற்றதோடு சேராது.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே ஆரம்பித்தேன். ஒரு பக்கத்தை முழுசாக முடித்த பிறகுதான் அடுத்த பக்கம். ஸ்பிரிங் எது எங்கே என்று மறந்தால் பார்த்துக்கொள்ளலாம். செல்போனில் போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அப்படியும் ஒரு ஸ்பிரிங் பறந்து அடுத்த வீட்டு மல்லிகைப் பந்தலில் விழுந்து, மாமி காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டு எடுத்துக் கொடுத்தாள். சிலிண்டருக்கு வரும் இரும்புக் குழாயின் நட்டுதான் கண்டம். சாதா ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். அதற்கென்றே உள்ள ஃபிளேர் நட் ஸ்பேனரும், முதல் நாளே தெளித்து வைத்த துரு எண்ணெயும் காப்பாற்றின.

அப்பா திண்ணையில் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏழரையிலிருந்து பத்து மணிவரை பக்கம் திரும்பவே இல்லை.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. இனி காற்றை எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். "நான் குழம்பு கொதிக்க வெச்சிருக்கேங்க" என்றாள் மனைவி. அம்மாவுக்கு முட்டி வலி. மகளுக்குக் கால் எட்டாது. திண்ணையைப் பார்த்தேன்.

"அப்பா."

பேப்பர் இறங்கியது.

"பிரேக் பிடிக்கலைன்னு சொன்னீங்களே..."

"ம்."

"பிடிக்கலைதான். லெஃப்ட் பேக் வீல் சிலிண்டர் ஒழுகிருக்கு." பழைய சிலிண்டரை நீட்டினேன். வாங்கி, கட்டை விரலால் அந்த வாஷரை நெருடிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"ஒரு கட்டையைப் பெடலுக்கு அடியில வை. தரை வரைக்கும் மிதிச்சா மாஸ்டர் சிலிண்டரும் போயிடும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஜி.பி. ரோட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்ட விஷயம் அது. வருஷக்கணக்காகப் பெடல் போகாத தூரத்தில் சிலிண்டருக்குள் அழுக்கும் துருவும் இருக்கும். அங்கே போய் உரசினால் சீல் கிழியும்.

"உங்களுக்கு எப்படிப்பா..."

"எங்க ஆபீஸ் ஜீப்புக்கு டிரைவர் அண்ணன் கீழ படுத்துப்பார். நான்தான் மேல உக்காந்து அமுக்குவேன். ரெண்டு மிதிக்கு எழும்பினா காத்துன்னு அவர்தான் சொல்லிக் கொடுத்தது."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே" என்றார்.

மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பது எங்கள் காருக்கு வழக்கம்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். உங்கள் காரின் புத்தகம் வேறு வரிசை சொன்னால் புத்தகம்தான் சரி. ஏ.பி.எஸ். உள்ள சில கார்களில் கம்ப்யூட்டரைச் சொருகினால்தான் முழுக் காற்றும் வரும்; அங்கே நம் பாச்சா பலிக்காது. நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ட்யூபைச் சொருகி, மறு நுனியைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வைத்தேன்.

"அமுக்குங்க!" அமுக்கினார். "பிடிங்க!" நிப்பிளைக் கால் திருப்பு திறந்தேன். ட்யூபில் கறுப்பு ஆயில், நடுநடுவே சோடா பாட்டில் மாதிரி குமிழ்கள். நிப்பிளை மூடினேன். "விடுங்க!" மூடுவதற்கு முன்னால் பெடலை விட்டால் வெளியேறிய காற்று மறுபடி உள்ளே போய்விடும். இந்த இடத்தில்தான் முக்கால்வாசி வீடுகளில் சண்டை வருமாம். அப்பாவின் கால் தவறவே இல்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் அமுக்கி, சொன்ன பிறகே விட்டார். இதைத்தான் ரிஃப்ளெக்ஸ் குறைந்த கால் என்று கோர்ட்டில் தீர்ப்பெழுதியிருந்தேன்.

மூன்று சக்கரம் முடிந்தது. நாலாவதில் சுறுசுறுப்பாக இருக்கும்போது, "டேய், டப்பாவைப் பாருடா!" என்று மேலிருந்து ஒரு அதட்டல். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆயில் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் நாலு அமுக்கு அமுக்கியிருந்தால் டப்பா வழியாகக் காற்றைக் குடித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஊற்றும்போது கை நடுங்கி ஃபெண்டரில் கொஞ்சம் சிந்தியது. தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். உடனே கழுவாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும். பட்ட கையையும் அப்படியே கண்ணில் வைத்துவிடக்கூடாது.

பன்னிரண்டே காலுக்கு ட்யூபில் குமிழ் நின்று, தேன் நிறத்தில் ஒழுங்காக வந்தது. கட்டையை எடுத்தேன். அப்பா மிதித்தார். இன்னொரு தடவை மிதித்தார்.

"இப்ப கல்லு."

நிப்பிள்களை ஈரமில்லாமல் துடைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஒரு நிமிஷம் ஓங்கி மிதிக்கச் சொல்லி, நாலு சக்கரத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை. பிறகு தெருவில் நடக்கிற வேகத்தில் நான் ஓட்டினேன். நின்றது. கொஞ்சம் வேகமாக, நின்றது. தெருமுனையில் திருப்பியபோது இறங்கி இடம் மாறினேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார், சீட்டை முன்னால் இழுத்தார், ஓட்டினார். சாய்வில் ஏற்றி, கேட்டுக்குள் நுழைத்து, துளசி மாடத்துக்கு ஒரு முழம் முன்னால் முட்டை உடையாமல் நிறுத்தினார். வாசலில் நின்றிருந்த அம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மனைவி பிடிவாதமாக அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். கண்ணாடியில் ஒரு நம்பர் மாறியது, அவ்வளவுதான். ராத்திரி ஆபீஸ் பையிலிருந்து சாவியை எடுத்து, காலண்டர் பக்கத்து ஆணியில் மாட்டினேன். அக்காவிடம் போனில் வழக்கின் மறு தீர்ப்பைச் சொன்னேன். "நீதானேடா ஜட்ஜா இருந்தே?" என்றாள். வக்கீல்கள் எப்போதும் இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபீஸுக்குக் கிளம்பும்போது ஆணி காலியாக இருந்தது.

"மாமா ஏழு மணிக்கே சிநேகிதரைக் கூட்டிக்கிட்டுப் போகக் கிளம்பிட்டாரே" என்றாள் மனைவி. "பானெட்டைத் திறந்து அந்த டப்பாவைப் பார்த்துட்டுத்தான் போனார்."